புதுச்சேரியில் ஊட்டச்சத்து ஆய்வு: முதுநிலை மாணவர்களின் களமும் கணக்கும்

எம்.டி. பட்டத்துக்கு ஆய்வேடு கட்டாயம். பொதுச் சுகாதாரம், உணவியல், ஊட்டச்சத்து முதலிய முதுநிலைப் படிப்புகளிலும் ஏதேனும் ஒரு வடிவில் ஆய்வுப் பணி உண்டு. முனைவர் பட்டம் முழுக்க ஆய்வைச் சார்ந்தது. ஒரு பக்கம் கடலும் மற்ற பக்கங்களில் தமிழ்நாட்டு ஊர்களுமாக அமைந்த சிறு நகரமான புதுச்சேரியில் இத்தகைய ஆய்வு மாணவர்கள் அடர்த்தியாக இருக்கிறார்கள். கோரிமேட்டில் ஜிப்மர், காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம், கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, கடலூர் சாலைப் பக்கம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி, இந்திரா நகரில் 1975 முதல் இயங்கும் நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் என எல்லாம் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த மாணவர்கள் எதை ஆராய்கிறார்கள், எப்படி ஆராய்கிறார்கள், அவர்கள் கண்டறிந்தது எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பவை தனித்து ஆராயத்தக்க கேள்விகள். மாணவர் ஆய்வு சிறிது என்பதால் அதை ஒதுக்கிவிடும் வழக்கம் கல்வித்துறையில் உண்டு. புதுச்சேரியின் அனுபவத்தைப் பார்த்தால், சிறியதாக இருப்பதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒன்றோடு ஒன்று சேராமல் தனித்தனியாகக் கிடப்பதுதான் குறை.

மருத்துவக் கல்வியில் இந்நகரம் பழையது. பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் இங்கு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பயின்றவர்கள் பிரெஞ்சு இந்தியாவிலும் பிற பிரெஞ்சுக் குடியேற்றங்களிலும் பணியாற்றினார்கள். 1860-களில் ஊய்யே என்ற பிரெஞ்சு மருத்துவர் புதுச்சேரியின் வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் ஆகியோரின் சுகாதாரத்தை ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அந்தப் பள்ளியின் வழிவந்த பரமானந்த மரியதாஸ் 1906-இல் இந்தியரின் மருத்துவ வழக்கங்களைப் பற்றிப் பிரெஞ்சில் நூல் வெளியிட்டார். 1954 நவம்பரில் ஆட்சி இந்தியாவிடம் வந்த பிறகு, 1956-இல் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாயிற்று. 1964-இல் ஜவஹர்லால் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமாக (ஜிப்மர்) உயர்ந்தது. பெயரிலேயே முதுநிலைக் கல்வியும் ஆராய்ச்சியும் இடம்பெற்றன. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது.

ஊட்டச்சத்து ஆய்வு மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமையும் பாலும் மிகுந்த பஞ்சாப் உணவு முதலிடம் பெற்றது. தென்னிந்திய அரிசிச் சாப்பாடு கடைசி வரிசையில் நின்றது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அது 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் உள்ளன. உணவு பற்றி ஆராயும் எந்த மாணவரும் அந்த நூலைத் திறக்காமல் இருக்க முடியாது. அதில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். வத்தக்குழம்பின் சத்தைக் கணக்கிட வேண்டுமானால், புளி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, வற்றல் எவ்வளவு என்று வீட்டில் கேட்டுப் பிரித்துத்தான் கூட்ட வேண்டும்.

இன்றைய ஆய்வுகளுக்குக் களமாக ஜிப்மரின் சமூக மருத்துவத் துறைக்கு இரண்டு சுகாதார மையங்கள் உள்ளன. குருசுக்குப்பத்திலுள்ள நகர்ப்புற மையம் வைத்திக்குப்பம், வாழைக்குளம், சின்னையாபுரம் ஆகிய பகுதிகளையும் கவனிக்கிறது. ராமநாதபுரத்திலுள்ள ஊரக மையம் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களைப் பார்க்கிறது. குடும்ப விவரங்கள் ஏற்கெனவே பதிவில் இருப்பதால், மாணவர் ஒருவர் பட்டியல் தயாரிப்பதில் ஆண்டைக் கழிக்க வேண்டியதில்லை. செவிலியரையும் சுகாதாரப் பணியாளரையும் மக்களுக்குத் தெரியும்; கதவு திறக்கிறது. புதுச்சேரி மாணவர் ஆய்வின் பெரிய சொத்து இதுதான்.

அதே சொத்தில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஒரே நான்கைந்து பகுதி மக்களிடமே ஆண்டுதோறும் புதுப்புது மாணவர்கள் வந்து புதுப்புதுக் கேள்வித்தாளை நீட்டுகிறார்கள். மக்கள் சலித்துப்போகக்கூடும், பழகிப்போன பதிலைச் சொல்லவும் கூடும். பகலில் வீடு வீடாகப் போகும்போது யார் வீட்டில் இருப்பார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. கடலோரக் குப்பங்களில் மீன் விற்கும் பெண்கள் விடியுமுன் கிளம்பிவிடுகிறார்கள். பத்து மணிக்குக் கதவைத் தட்டும் ஆய்வாளருக்குக் கிடைப்பது வீட்டிலேயே இருக்கும் பெண்கள். உழைப்பு மிகுந்தவர்களும் வெளியில் சாப்பிடுபவர்களும் கணக்கில் விடுபடுகிறார்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போகிற மாணவரின் ஆய்வேடு இதனாலேயே கூடுதல் மதிப்புப் பெறுகிறது.

உணவு விசாரணை என்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை ஒரு வீட்டை வைத்தே காட்டலாம். கடந்த 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பது வழக்கமான முறை. மாணவர் அளவுக் கிண்ணங்களையும் கரண்டிகளையும் தரையில் பரப்பி வைக்கிறார். "நேத்து மதியம் சோறு இதுல எத்தனை கப்பும்மா?" என்று கேட்கிறார். வீட்டுக்காரம்மா தட்டைப் பார்த்துச் சோறு போட்டுப் பழகியவர்; கிண்ணத்தைப் பார்த்துச் சொல்லத் தடுமாறுகிறார். சாம்பாருக்கு அடியில் கிடந்த பருப்பா, மேலே நின்ற தண்ணீரா என்பதைப் பொறுத்துப் புரதக் கணக்கே மாறிவிடும். மீன் குழம்பில் தனக்குத் துண்டு இருந்ததா என்று கேட்டால், பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் வைத்ததைச் சொல்வார். தன் தட்டில் வெறும் குழம்புதான் விழுந்தது என்பதை இரண்டாம் முறை கேட்டால்தான் சொல்வார். இரண்டாம் முறை கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆய்வாளர்.

எண்ணெயைக் கணக்கிடுவது இன்னும் சுற்றுவழி. ஒரு லிட்டர் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டுப் பங்கிடுவார்கள். எட்டு நாள் வருகிறது என்றால் நாளொன்றுக்கு 125 மில்லி. இதை வீட்டிலுள்ள தலைகளின் எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. வயதுக்கும் உழைப்புக்கும் ஏற்ற நுகர்வு அலகால் வகுக்க வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் ஆண் 1, பெண் 0.8, எட்டு வயதுச் சிறுமி 0.7 என்பது வழக்கில் உள்ள அளவு. ஒரு வீட்டில் கணவன், மனைவி, பாட்டி, சிறுமி என நால்வர் இருந்தால் மொத்தம் 3.3; ஓர் அலகுக்கு ஏறத்தாழ 38 மில்லி. வீட்டுத் தலைவர் வலை இழுக்கும் மீனவர் என்றால் அவருக்குக் கடின உழைப்பாளிக்கான 1.6 தர வேண்டும். மொத்தம் 3.9 ஆகிவிடும், ஓர் அலகுக்கு 32 மில்லி. எடையில் சொன்னால் முதல் கணக்கில் சுமார் 35 கிராம், இரண்டாவதில் 29 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி 2000 கலோரி உணவுக்குப் பரிந்துரைக்கும் எண்ணெய், கொழுப்பு அளவு 27 கிராம். மாணவர் எந்த அலகைத் தேர்ந்தார் என்பதைப் பொறுத்து, அதே குடும்பம் வரம்பை வெகுவாக மீறியதாகவோ ஓரளவே மீறியதாகவோ தெரியும். டீக்கடை வடையும் இரவு பரோட்டாவும் இந்த லிட்டருக்குள் வருவதே இல்லை. ஆய்வேட்டின் முடிவுப் பகுதியைவிட முறையியல் பகுதியை முதலில் படிக்க வேண்டும் என்று மூத்த வழிகாட்டிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

மாதமும் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. அந்நாள்களில் குப்பத்துத் தட்டில் இருப்பதும் ஆகஸ்டில் இருப்பதும் ஒன்றல்ல. புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் சமைப்பதில்லை. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைச் சனிக்கிழமை விசாரித்தால் ஒரு விதம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் திங்களன்று விசாரித்தால் வேறு விதம். மாணவரின் தரவுச் சேகரிப்பு மாதங்களோ பெரும்பாலும் தேர்வு அட்டவணையாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதித் தேதியாலும் தீர்மானிக்கப்படுகின்றன. சேகரித்த மாதத்தைக் குறிப்பிடாத உணவு ஆய்வைப் பிற ஆய்வுகளோடு ஒப்பிட இயலாது.

ஆராயப்படும் நோய்களுள் நீரிழிவு முன்னே நிற்கிறது. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நடத்திய ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு (26.4) அடுத்த இடம். நான்கு பேரில் ஒருவருக்கு மேல் நோய் உள்ள ஊரில், நோய் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வேடு இனிப் பெரிதாகப் பயன்படாது. மாத்திரையை ஏன் விட்டுவிடுகிறார்கள், கால்புண்ணை எப்போது கவனிக்கிறார்கள், வீட்டில் ஒருவருக்காகச் சமையல் மாறுகிறதா, மாறினால் மற்றவர்களும் அதையே உண்கிறார்களா போன்ற கேள்விகளுக்குத்தான் தேவை கூடியிருக்கிறது. அரிசியைக் குறைக்கச் சொன்னால் அந்த இடத்தில் எது வருகிறது என்பதும் பார்க்க வேண்டியது. சப்பாத்தியாகவோ கோதுமை ரவையாகவோ மாறினால் மாவுச்சத்தின் அளவில் பெரிய வேறுபாடு வந்துவிடாது.

மறுபக்கத்தில் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி புதுச்சேரியில் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் ரத்தசோகை. அதே ஆய்வில் பெண்களில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். ஒரே வீட்டில், ஏன் ஒரே உடலிலும்கூட, பருமனும் இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருப்பது இங்கு புதுமையில்லை. இந்த எண்களைக் கையாளும் மாணவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். குடும்பநல ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை அளக்கிறது. 2016–18-இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வு சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் அளந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் ரத்தசோகை முதல் வகை ஆய்வில் (2015–16) 58 சதவீதத்துக்கு மேல். இரண்டாவதில் சுமார் 41 சதவீதம். இடைவெளியின் பெரும்பகுதி அளக்கும் முறையால் வந்தது என்பது பல வல்லுநர்களின் கருத்து. விரல் குத்தும்போது அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். அளவைக் குறைத்துக் காட்டும். அங்கன்வாடியில் அழும் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுக்கும் பொறுமையைப் பொறுத்தே அந்த ஆய்வேட்டின் நம்பகம் அமைகிறது.

காசநோயும் ஊட்டச்சத்தும் சந்திக்கும் இடத்தில்தான் புதுச்சேரி ஆய்வு உலகின் கவனத்தைப் பெற்றது. காசநோய் ஆராய்ச்சிக்கான ரிப்போர்ட் இந்தியா கூட்டமைப்பின் ஒரு பகுதியாக ஜிப்மர், அமெரிக்காவின் பாஸ்டன், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் வட்டாரத்துக் காசநோயாளிகளையும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. நோயாளிகளிடம் ஊட்டக்குறைவு, மதுப்பழக்கம், நீரிழிவு ஆகிய மூன்றும் மிகுதியாக இருப்பது இந்தக் குழுவிலிருந்து 2017-இல் வெளியான கட்டுரையில் பதிவாயிற்று. நோயாளியின் எடையைப் பார்க்காமல் மருந்தை மட்டும் கொடுப்பது போதாது என்ற கருத்துக்கு இத்தகைய ஆய்வுகள் வலுவூட்டின. ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு 2023-இல் அதற்கு உறுதியான சான்று தந்தது. 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் இருந்த 10,345 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், குடும்பத்தார் அனைவருக்கும் உணவுப் பொருள் கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. காசநோயாளிகளுக்கு 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024-இல் 1,000 ரூபாயாயிற்று. அந்தப் பணம் எப்போது கணக்கில் ஏறுகிறது, அது முட்டையாகவும் பருப்பாகவும் மாறுகிறதா, கடனுக்குப் போகிறதா என்பதைக் கண்டறிய இரண்டு ஆண்டும் ஒரு மாவட்டமும் போதும். முதுநிலை மாணவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோன்ற கேள்வி இது.

பெரிய குழு ஆய்வொன்றுக்குள் மாணவரின் ஆய்வேடு இடம்பெறும்போது அதன் பயன் பெருகுகிறது. தரவு எடுக்கும் முறை ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும், ஆய்வகம் இருக்கும், மாணவர் பட்டம் வாங்கிப் போன பிறகும் அதே நோயாளிகளைப் பின்தொடர ஆள் இருக்கும். தனியாக நிற்கும் ஆய்வேட்டுக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை.

புதுச்சேரிக்கே உரிய ஓர் ஆய்வு வாய்ப்பை அதன் நிலவமைப்பு தருகிறது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் போட்ட எல்லைக்கோட்டால் பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பக்கங்களில் புதுச்சேரிக் கிராமமும் தமிழ்நாட்டுக் கிராமமும் பின்னிக் கிடக்கின்றன. ஒரே மண், ஒரே பயிர், ஒரே சாதி உறவுகள், ஒரே சமையல். ஆனால் அரசு வேறு. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை தொடங்கியது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு அட்டைதாரருக்கு அரிசி விலையில்லாமல் தொடர்ந்தது. 2024-இன் இறுதியில் புதுச்சேரியில் ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தன. இந்த இடைக்காலத்தில் இரு பக்கத்துக் குடும்பங்களின் தானிய நுகர்வும் குழந்தைகளின் எடையும் எப்படி நகர்ந்தன என்பதைப் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் அளந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அரிது. பள்ளி உணவிலும் இப்படித்தான். பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே இங்கு மதிய உணவைத் தொடங்கியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது அதற்குமுன் 1920-களில் வந்திருந்தது. காமராசர் 1956-இல் மாநிலம் முழுதும் விரித்தார். தமிழ்நாட்டில் 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. திட்டங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் தொடங்குவதும் மாறுவதும் ஆய்வாளருக்குக் கிடைக்கும் இயற்கையான ஒப்பீடு. சிக்கல் என்னவென்றால், அனுமதி இரண்டு அரசுகளிடம் வாங்க வேண்டும். படிப்பு முடிவதற்குள் அது கைக்கு வராது என்ற அச்சத்தில் மாணவர்கள் எல்லையைத் தாண்டுவதில்லை.

மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் இந்த எல்லை வேறு விதமாகக் குறுக்கிடுகிறது. ஜிப்மரின் வெளிநோயாளிப் பிரிவில் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பவர்களில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைக்காரர்கள் ஏராளம். அங்கே கிடைத்த விகிதத்தைப் 'புதுச்சேரி மக்களிடையே' என்று தலைப்பிட்டு எழுதுவது தவறு. நோய் முற்றியவர்களும் வழிச்செலவுக்குப் பணம் திரட்ட முடிந்தவர்களும்தான் அந்த வரிசையில் இருக்கிறார்கள்.

மாதிரி அளவு பற்றியும் சொல்ல வேண்டும். பரவல் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, ஐந்து புள்ளி துல்லியம் கேட்டால் 384 என்ற எண் வரும். சமூக மருத்துவ ஆய்வேடுகளில் இந்த எண் அடிக்கடி தலைகாட்டுகிறது. அது ஒரு விகிதத்தை மதிப்பிடப் போதும். மீனவர் வீட்டையும் மற்றவர் வீட்டையும் ஒப்பிடவோ, ஒரு தலையீடு பலன் தந்ததா என்று தீர்மானிக்கவோ அது போதாது. தெரு தெருவாகக் கொத்தாகத் தேர்ந்தெடுத்தால் எண்ணை இன்னும் பெருக்க வேண்டும். கேள்வி ஒன்றும் கணக்கு வேறொன்றுமாக இருப்பதே நிராகரிக்கப்படும் கட்டுரைகளின் பொதுக்குறை. முதுநிலை மருத்துவ மாணவர்களுக்குச் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் இணையவழி ஆராய்ச்சி முறையியல் படிப்பு கட்டாயமான பிறகு அடிப்படைப் பயிற்சி பரவலாகியிருக்கிறது. மூன்று மாத மாவட்டப் பணியும் இப்போது கட்டாயம். வார்டுக்கும் இரவுப் பணிக்கும் நடுவே ஆய்வுக்கு நேரம் ஒதுக்கும் ஏற்பாடு மட்டும் இன்னும் துறைக்குத் துறை வேறுபடுகிறது.

நெறிமுறையில் கட்டுப்பாடுகள் இறுகியிருப்பது நன்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 வழிகாட்டி நெறிகளின்படி மனிதரைக் கொண்டு செய்யும் எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும். சிகிச்சை சோதனைகளை 2007-இல் தொடங்கிய இந்தியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் முதுநிலை ஆய்வேடா என்று கேட்கும் கட்டமே தனியாக உண்டு. ஊட்டச்சத்து ஆய்வில் நெறிமுறை இதோடு முடிவதில்லை. எடை பார்க்கப் போன வீட்டில் கடும் மெலிவுள்ள குழந்தையைக் கண்டால் அளந்து எழுதிவிட்டு வர முடியாது. ரத்தசோகை என்று தெரிந்தால் மாத்திரையும் மறுபரிசோதனையும் ஏற்பாடு செய்ய வேண்டும். சேவை மையத்தோடு இணைந்த களங்களில் இது இயல்பாக நடக்கிறது. வெளியே நடக்கும் ஆய்வுகளில் மாணவர் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருவதோடு நின்றுவிடுகிறது.

முடிந்த ஆய்வேடுகளின் கதி இரண்டு வகை. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா மின்களஞ்சியத்தில் ஏறுகின்றன. யாரும் எடுத்துப் படிக்கலாம். எம்.டி. ஆய்வேடுகளுக்கு அப்படியொரு பொதுக் கட்டாயம் இல்லை. கட்டுரையாக வெளிவராதவை துறை நூலகத்து அலமாரியில் தங்கிவிடுகின்றன. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நீக்கியது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களுக்கு அந்தக் கட்டாயம் தீனி போட்டு வந்ததால் நீக்கியது சரியே. ஆனால் அச்சிடாத ஆய்வின் தரவு எங்கே சேர்கிறது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

குருசுக்குப்பத்திலும் ராமநாதபுரத்திலும் கால் நூற்றாண்டுக்கு மேலாக மாணவர்கள் எடுத்த எடை, உயரம், ரத்த அளவு, உணவுக் கணக்கு எல்லாம் ஒரே முறையில் பதிவாகியிருந்தால், ஒரு தென்னிந்தியக் கடலோர நகரின் உடல் எப்படி மாறியது என்பதற்குத் தொடர் வரலாறே கிடைத்திருக்கும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. எந்த அளவுக் கிண்ணம், எந்த நுகர்வு அலகு, விரல் ரத்தமா சிரை ரத்தமா, எந்தக் கருவி, எந்த மாதம், தடைக்காலமா இல்லையா, பகலா மாலையா என்ற விவரங்களும், பெயர் நீக்கிய மூலத் தரவும் துறையின் ஒரே கோப்பில் சேர வேண்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதே வீதியில் அதே கேள்வியை அதே கிண்ணத்தோடு கேட்கலாம். தன் புதிய கேள்வி ஒன்றை அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.